பாலையடிக் குளத்து நக்கி மீன்

துணுக்காய்ப் பக்கத்தில் பிரஷாந்தினியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய மோட்டார்சைக்கிளின் மணம் தெரியாதவர்கள் இல்லை. பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் எப்போதும் ஏதாவதொரு குளத்து மீன் கிடக்கும். மீன்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிறந்த ஊர்க் குளத்துக்கே வேலைக்கு வந்தவள். மீனின் வயிற்றைக் கீறி அது என்ன தின்றது என்று பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் எந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை படியேறுவார்கள்? வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் அதற்காக ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டதில்லை.

அவளுடைய கவலை வேறு. அதை அவளேதான் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தாள்.

உயர்தர வகுப்பில் படித்த காலத்தில், கிளிநொச்சியில் வளர்ப்பு மீன் விற்கும் கடையொன்றில் ஒரு சோடி மீன் வாங்கினாள். கண்ணாடித் தொட்டியில் படியும் பாசியை நக்கித் துடைக்கும் மீன் அது. அப்போது விரல் நீளம். அவள் படிக்கப் போன பிறகு அவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்தன. உடம்பெல்லாம் ஓடு, செட்டையெல்லாம் முள். தொட்டி போதவில்லை. அம்மா நாகேஸ்வரி செவ்வாய், வெள்ளி விரதக்காரி. எறும்பை மிதித்தாலும் முருகா என்பவர். கொல்ல மனம் வராமல், ஒரு வெள்ளிக்கிழமை தலை தோய்ந்து, விளக்கேற்றி, மீன்களை வாளியில் கொண்டுபோய்ப் பாலையடிக் குளத்தில் விட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. மடி ஊருடைய மடியாகப் போனதுதான் கொடுமை.

சில வருடங்களில் குளத்தில் மீன்பிடிக்கிறவர்களின் வலைகள் கிழியத் தொடங்கின. விரால் குறைந்தது, குறவை அரிதானது. மீன்பிடிச் சங்கத் தலைவர் நிரோஜன் ஒருநாள் அந்த ஓட்டு மீன் ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய வாசலில் போட்டார்.

"உது ஆரின்ரை வேலை, தங்கச்சி?"

"எங்கடை வேலைதான் அண்ணை" என்றாள் பிரஷாந்தினி. மறைக்கவில்லை. அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நக்கி என்று மீனுக்குப் பெயரும் வைத்தார்கள். நாகேஸ்வரி அதன்பிறகு சந்தைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

நக்கியைத் தின்பாரில்லை, விலையுமில்லை. வலையில் பட்டால் கழற்றிக் கரையில் வீசிவிடுவார்கள். காய்ந்து செத்துவிடும் என்று நினைப்பு. அது சாகாது. வயிற்றால் காற்றை இழுத்துக்கொண்டு அரைநாள் கிடந்துவிட்டு, ஆளில்லாத நேரத்தில் நெளிந்து நெளிந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். இதைப் பிரஷாந்தினி சொல்லாத நாளில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள், பிறகும் கரையில்தான் வீசினார்கள்.

பாலையடிக்குக் கீழே ஒன்றின் கீழ் ஒன்றாகக் குளங்கள் இருக்கின்றன. கடைசிக் குளத்துத் தண்ணீர் ஆற்றில் விழும். சில வருடங்களாக மழை குறைந்து பாலையடி நிரம்பாததால் நக்கி இன்னும் அங்கெல்லாம் போகவில்லை. மாரியில் பாலையடி நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வான் என்று சொல்லும் தாழ்ந்த சீமெந்துக் கட்டைத் தாண்டிப் பாயும். அந்தத் தண்ணீரோடு நக்கியும் இறங்கினால் பிறகு யாராலும் திருப்பி அழைக்க முடியாது. ஆகவே இந்த வருடம் வானுக்குக் குறுக்கே வலை கட்டக் கேட்டாள். வயல் செய்வோரின் கமக்காரர் அமைப்புத் தலைவர் யோகலிங்கம் நெடுநேரம் நாடியைச் சொறிந்தார்.

"கட்டு பிள்ளை. ஆனால் குளக்கட்டுக்கு ஒண்டு எண்டால் வலை நிக்காது."

"ஓம் மாமா. நானே அறுப்பன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

கார்த்திகை மழை வானம் பொத்துக்கொண்டது போலப் பெய்தது. அந்த வியாழக்கிழமை மதியம் தண்ணீர் வானைத் தொட்டது. சருகும் பாசியும் முறிந்த கொப்புகளும் வந்து வலையில் அடைந்தன. நிரோஜனும் ஆட்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொக்கித் தடியால் இழுத்து எறிந்தார்கள். எறிய எறிய வந்தது. வலை வயிறு தள்ளியது, குளம் இறங்க வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

பிரஷாந்தினி கட்டின் வெளி அடிவாரத்தில் நடந்து பார்த்தாள். ஓரிடத்தில் புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. பழைய கட்டில் கசிவு புதிதல்ல. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. இது கலங்கல். கட்டின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது.

நக்கி தோண்டிய வளை என்று அவளுக்குப் பட்டது. ஆண் நக்கி கரையில் கை நீளத்துக்கு வளை தோண்டி முட்டைகளைக் காக்கும். கோடையில் அவள் குளத்தின் மண் கரை முழுவதும் வளை தேடினாள். குளக்கட்டில் தேடவில்லை. அலைக்குக் கல் அடுக்கிய கட்டு, அதை எப்படித் துளைக்கும் என்று தானே முடிவு கட்டிவிட்டாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண்தானே இருக்கிறது. மீனுக்குத் தெரிந்தது, மீனைப் படித்தவளுக்குத் தோன்றவில்லை.

யோகலிங்கம் மண்மூட்டைகளோடு ஆட்களைக் கூட்டி வந்தார். கசிவைக் குனிந்து பார்த்தவர் நிமிரும்போது முகம் கறுத்திருந்தது. கட்டுக்குக் கீழே விதைத்த வயல், அதற்கப்பால் வீடுகள். அவளுடைய வீடும் அங்கேதான்.

"பிள்ளை" என்றார். வான் பக்கம் திரும்பி வலையைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா. நிரோஜன் அண்ணை ஆக்கள் சருகை எடுத்திட்டால் தண்ணி இறங்கும்."

"கட்டு பொறுக்குமோ?"

அவள் மறுபடி கசிவைப் பார்த்தாள். சற்றுமுன் விரல் தடிப்பில் இருந்தது இப்போது மணிக்கட்டுத் தடிப்பில் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் தன்மேல்தான். வானுக்கு ஓடினாள். நிரோஜனின் கத்தியை வாங்கினாள்.

"நான் அறுக்கிறன், விடு" என்றார் அவர்.

"நானே அறுப்பன் எண்டு சொன்னனான் அண்ணை."

கயிறு அறுந்ததும் வலை சுருண்டு போனது. அடைந்திருந்த தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. நுரைக்குள் கறுப்பாக ஒன்று புரண்டு போனது, பிறகு இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டில் மூட்டைகள் அடுக்கி முடித்து, கசிவு மெலிந்து தெளிந்தபோது பொழுதுபட்டிருந்தது.

வீட்டில் நாகேஸ்வரி சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "நக்கி கீழ போயிட்டுதோ?"

"போயிட்டுது அம்மா. வானுக்குக் கீழ இருக்கிற வெளியில நிக்கும். விடிய மழை விட்டுதெண்டால் அங்கினை கொஞ்சத்தைப் பிடிக்கலாம். அதைவிட்டு ஓடைக்குள்ளை இறங்கினால் அவ்வளவுதான்."

"விடிய ஊர் வருமே."

"வரும். விராலைப் பிடிச்சுக்கொண்டு நக்கியை எறிஞ்சிட்டுப் போகும்."

அது ஊர் வழக்கம். வான் பாய்ந்த மறுநாள், பாய்ச்சலில் விழுந்து கீழ்வெளியில் பரந்து கிடக்கும் மீனைப் பிடிக்க, அத்தாங்கு வலையும், மீனைக் கவிழ்த்து மூடும் கரப்புக் கூடையும், சாக்குமாகக் குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். அன்றைக்கும் இறங்கினார்கள். மழை விட்டிருந்தது. பிரஷாந்தினி முழங்கால் தண்ணீரில் நின்று, நக்கியை எறியாதேயுங்கோ, என்னட்டைத் தாங்கோ என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். "ஓம் ஓம்" என்றார்கள். ஒரு கரப்புக்குள் நாலு நக்கி அகப்பட்டன. கரப்புக்காரர் அவற்றை வாலில் தூக்கி வரம்புக்கு எறிந்துவிட்டு விராலைத் துழாவினார்.

அப்போதுதான் நாகேஸ்வரி வந்தார். தோய்ந்த தலையில் துவாய், நெற்றியில் திருநீறு, தோளில் நெல்லுக் குத்தும் உலக்கை. சோறு காய்ச்சும் பெரிய கிடாரத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். ஊருக்கு முகம் காட்டாமல் இருந்தவர் ஊருக்கு நடுவால் நடந்து வரம்பில் ஏறினார். நெளிந்துகொண்டிருந்த முதல் நக்கியைத் துணியால் அமத்திப் பிடித்தார். உலக்கையை ஓங்கினார்.

துழாவிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பக்கத்து வீட்டு வடிவம்மா சொன்னார், "அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

நாகேஸ்வரி உலக்கையை மீன்மேல் இறக்கினார். ஓடு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மீனைக் கிடாரத்தில் போட்டுவிட்டு அடுத்ததை அமத்திப் பிடித்தார்.

"விட்டதும் வெள்ளிக்கிழமைதான்" என்றார்.

கரப்புக்காரர் கரப்புக்குள் கை விட்டு ஒரு நக்கியை எடுத்தார். வரம்புக்கு எறியவில்லை. கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார்.