பிஸ்கட் பேணிக்குள் போன திறப்பு

முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடிக்கிற லோறன்ஸ், கடலால் வந்ததும் படகின் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அந்தக் கரையில் எல்லாரும் செய்கிற வேலைதான். படகை மணலில் விடலாம், எஞ்சினை விடமுடியாது. கனடாவில் இருக்கும் மகன் டிலக்ஸன் ஒரு கார் வாங்கிக் கொடுத்தபோதும் மனுசன் அதே புத்தியைத்தான் பாவித்தார். காரை நிறுத்தியதும் பற்றறியைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவார். நங்கூரச் சங்கிலியால் முன் சில்லைத் தென்னையோடு சேர்த்துப் பூட்டுவார். காரோடு வந்த சாவிகள், அதாவது திறப்புகள், இரண்டில் ஒன்றை முதல் கிழமையே ஒளித்துவைத்தார். எங்கே என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது.

இதனால் பாதிக்கப்பட்டது கள்ளன் அல்ல, மனைவி யூலிற்றாதான். அந்தக் காரில் கோயிலைத் தாண்டிப் போக அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவளுடைய அக்கா வவுனியாவில் வசதியாக இருக்கிறா. ஒவ்வொரு நல்லநாளுக்கும் கசங்கிய சேலையோடு போய் நிற்கும் தங்கச்சியைப் பார்த்து, "பஸ்ஸிலயோ வந்தனீ?" என்று சபை நடுவே கேட்பா. ஒருநாளாவது சொந்தக் காரில் அந்த வாசலில் இறங்கவேண்டும் என்பதே யூலிற்றாவின் ஆசை. இப்போது அக்காவின் மகள் டிலுசாவுக்குக் கலியாணம். காரைக் கட்டிவைக்க வவுனியாவில் தென்னை இருக்குமோ என்று கவலைப்பட்டுப் பார்த்த லோறன்ஸ், கடைசியில் காரிலேயே போக ஓம் என்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து டிலக்ஸன் தொலைபேசியில் கதைத்தான். கனடாவில் கள்ளர் கதவை உடைப்பதில்லையாம். பொத்தானை அழுத்திக் கிளப்புகிற கார்களின் திறப்பு வீட்டுக்குள் இருந்தபடியே காரோடு பேசிக்கொண்டிருக்குமாம், அந்தப் பேச்சை வெளியிலிருந்தே ஒரு கருவியால் பிடித்துக் காரைக் கொண்டுபோய்விடுவார்களாம். திறப்பைத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினால் பேச்சு நின்றுவிடுமாம். லோறன்ஸின் காரும் அந்த வகைதான். அலுமாரிக்கு மேலே வெறுமனே கிடந்த பிஸ்கட் பேணியை எடுத்து, அடியில் விரித்திருந்த கடதாசிக்குக் கீழே திறப்பை வைத்து மூடினார். மனுசிக்குச் சொல்லவில்லை. அவள் வாய்தவறி யாருக்காவது சொல்லிவிடுவாள் என்பது அவருடைய கணக்கு.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, யூலிற்றா கொக்கிசும் பயத்தம் பணியாரமும் சுட்டாள். பலகாரம் சுட்டால் தண்ணீரூற்று ஊரில் இருக்கும் சிநேகிதி நாச்சியாவுக்கு ஒரு பங்கு போகாமல் இராது. நாச்சியாவின் புருசன் மஸாஹிர் கருவாடு எடுக்க வந்தபோது, அலுமாரிக்கு மேலிருந்த பேணியை நிறைத்து அவரிடமே கொடுத்துவிட்டாள். லோறன்ஸ் அப்போது கடலில் இருந்தார்.

பயணக் காலையில் சங்கிலி அவிழ்ந்தது, பற்றறி ஏறியது. பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக யூலிற்றா கார்க் கதவடியில் நின்றாள். லோறன்ஸ் அலுமாரிக்கு மேலே கையை விட்டார். தூசிதான் வந்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தார், குசினியில் பார்த்தார், அரிசி மூடைக்குள்ளும் கையை விட்டுத் துழாவினார். வியர்த்து விறுவிறுத்து வந்து உண்மையைச் சொன்னார். யூலிற்றாவின் முகம் கறுத்துப்போனது. பஸ்ஸுக்கும் நேரம் தப்பிவிட்டது.

நாச்சியாவுக்குத் தொலைபேசி போட்டார்கள். பலகாரத்தை அப்போதே எடுத்துவிட்டேன், திறப்பு எதையும் காணவில்லை என்றாள் அவள். பேணியை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்று தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் போட்டு, இப்போதுதான் மஸாஹிரிடம் கொடுத்துவிட்டாளாம். கொஞ்ச நேரத்தில் மஸாஹிரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாங்கோ என்றுகூடச் சொல்லாமல் லோறன்ஸ் பேணியைப் பறித்து, தொதல் அவ்வளவையும் கார் மூடிமேல் கொட்டிக் கடதாசியைக் கிளப்பினார். திறப்பு எண்ணெய் பூசிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது. மஸாஹிர் ஒன்றும் விளங்காமல் ஒரு துண்டுத் தொதலை எடுத்து வாயில் போட்டார்.

வவுனியா போகிற வழியில் கார் மாங்குளத்தைத் தாண்டியது. யூலிற்றா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கள்ளனுக்கு ஒளிச்சனீங்கள், சரி. எனக்கேனப்பா ஒளிச்சனீங்கள்?"

லோறன்ஸுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருசமாகக் கடலுக்குப் போகும்போது வீட்டையும் பிள்ளையையும் இவளை நம்பித்தானே விட்டுப்போனார்.

அக்காவின் வாசலில் கார் நின்றது. கலியாணச் சனம் திரும்பிப் பார்க்க, சேலை கசங்காமல் யூலிற்றா இறங்கினாள். அக்கா வாயைத் திறந்துவிட்டு, கேட்க ஒன்றும் கிடைக்காமல் மூடினா. லோறன்ஸ் இறங்கிச் சுற்றி வந்து, எல்லாருக்கும் முன்னால் திறப்பை மனுசியின் கையில் வைத்தார்.

பொழுது சாயும் நேரம், இனி வெளிக்கிடுவமோ என்று அவர் மெல்லக் கேட்டார்.

"இருங்கோ, திறப்பு என்னட்டையெல்லோ இருக்கு," என்றாள் யூலிற்றா, அக்காவுக்கும் கேட்கும்படி.

லோறன்ஸ் கதிரையில் சாய்ந்தார். கார் வெளியே கட்டாமல் நின்றது. அவர் ஒரு தரமும் எழும்பிப் போய் அதைப் பார்க்கவில்லை.