சாம்பல் யானையும் அத்தையின் நான்கு அம்புகளும்

சித்தூருக்கு வெளியே மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மே மாதம் தொடங்கி ஜூலை முடியும்வரை தலை நிமிர முடியாது. லாரி லாரியாக வரும் தோத்தாபுரி மாம்பழத்தின் இனிப்பையும் புளிப்பையும் அளந்துவிட்டு வீடு திரும்பினால், மாம்பழ வாசனையில் என்னை நானே சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகஸ்டில் ஆலை அடங்கும். மற்றவர்கள் அப்போது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவார்கள். நான் கார்டு விளையாடுவேன்.

இது ரம்மி அல்ல. அதை எங்கள் தெருவில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஆளுக்கு நாற்பது கார்டு. எந்த நாற்பது என்பதை, கடையில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து விளையாடுகிறவரே பொறுக்கிச் சேர்த்துத் தன் கட்டைத் தயாரிக்க வேண்டும். விலங்கு, வீரர், ஆயுதம் என்று பல வகை. ஒவ்வொன்றின் அடியிலும் அது என்ன செய்யும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஆளுக்கு இருபது உயிர்; எதிராளியின் இருபதையும் முதலில் தீர்த்தவர் வென்றவர். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய கார்டுகள் வெளிவரும். அன்றோடு பழைய கட்டுகளுக்கு மதிப்புப் போய்விடும். இது கல்லூரி விடுதியில் பிடித்த பழக்கம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த தோழிகள் எல்லாரும் விட்டுவிட்டு உருப்பட்டுவிட்டார்கள்.

போன ஆகஸ்டில் வந்த புதிய கார்டுகளில் சாம்பல் யானை இருந்தது. அது களத்தில் இறங்கினால், ஏற்கெனவே அங்கே நிற்கும் என்னுடைய சின்ன விலங்குகள் எல்லாவற்றுக்கும் பலம் இரட்டிப்பாகும். படித்தவுடனே எனக்குள் ஒரு கட்டு உருவாகிவிட்டது. முதல் நான்கு சுற்றில் எலி, கீரி, முயல், நரி என்று கிடைத்ததையெல்லாம் இறக்குவது. ஐந்தாவது சுற்றில் யானை. அத்துடன் ஆட்டம் முடிந்தது. மூன்று யானைகளைத் தேடிப் பிடித்தேன். செப்டம்பர் கடைசியில் திருப்பதியில் ஒரு போட்டி. அதில் முதலில் வருபவர் சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். நான் சென்னைக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஒரே குறை, பழகிப் பார்க்க ஆள் இல்லை. கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. வாரம் முழுக்க சத்தியவேட்டில் அறை எடுத்துத் தங்கிவிட்டுச் சனிக்கிழமை வருவார். கையில் ஏழு கார்டைக் கொடுத்தால் மூன்றாவதைப் படிக்கும்போதே தூங்கிவிடுவார். ஆகவே, நானே இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். அதை ஒரு வாரம் பார்த்துவிட்டு மாமியார் கேட்டார்.

"இன்னாம்மா, தனியாவே ஆடிக்கினு இருக்கிற? எதிர்ல ஆளு வேணாமா?"

"வேணும் அத்தை. உங்க புள்ளைதான் தூங்கிடறாரே."

"அவன் கெடக்கறான். எனக்குச் சொல்லிக் குடு. டிவில எப்பப் பாத்தாலும் அழுதுக்கினே இருக்கறாங்க. பாக்க முடியல."

அத்தை புத்தலப்பட்டு மண்டல ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா, அடங்கல், அர்ஜி எனும் மனு என்று வாழ்நாளெல்லாம் காகிதம் படித்தவர். ஒரு ஃபைலை முழுதாகப் படிக்காமல் மேலே அனுப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அந்த ஃபைல்களுக்காகக் காத்திருந்தவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள் என்பது வேறு விஷயம். போன வருடம் பலரும் வைத்திருந்த வேடர் கட்டைப் போல ஒன்றைப் பழைய கார்டுகளில் தயாரித்து அவருக்குக் கொடுத்தேன். அதில் முக்கியமானது அம்பு. கட்டில் நான்கு அம்பு; ஓர் அம்புக்கு எதிராளியின் ஒரு சின்ன விலங்கு சாகும், அதை எதிராளியின் முறையிலும் எய்யலாம்.

அவர் உடனே ஆடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தன்னுடைய நாற்பதையும் படித்தார். பிறகு என்னுடைய நாற்பதையும் வாங்கிப் படித்தார்.

"இந்த யானைக்கு அடியில சின்ன எழுத்துல ஒண்ணு போட்டிருக்கான், பாத்தியா?" என்றார். "ஒவ்வொரு தடவ உன் முறை ஆரம்பிக்கும்போதும் ஒரு சின்ன மிருகத்தப் பலி குடுக்கணுமாம். குடுக்க ஒண்ணும் இல்லன்னா யானை எதிராளி கிட்ட பூடுமாம். அங்க பலியும் வேணாமாம், திரும்பியும் வராதாம். 'மே'ன்னு போட்டிருந்தா நம்ம இஷ்டம். இதுல 'மஸ்ட்'னு போட்டிருக்கான்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை. அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். நீங்க கார்டு எடுங்க."

"சரேலே," என்று தெலுங்கில் சம்மதித்துவிட்டு எடுத்தார்.

சீசன் இல்லாத நாட்களில் மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். தினமும் இரண்டு ஆட்டம். மொத்தம் முப்பத்தெட்டு ஆடினோம். நான் வென்றது இருபத்தேழு. தோற்ற பதினொன்றும் ஒரே மாதிரித் தோல்வி. அத்தை அம்புகளை எய்யவே மாட்டார். எலியும் கீரியும் அவரைக் கடித்துக் கடித்து உயிர் ஏழு, எட்டு என்று இறங்கும்போதும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யானை இறங்கியதும், நான் தாக்க வாய் திறக்கும் முன்பே, நான்கு அம்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பார். சின்ன விலங்குகள் நான்கும் போகும். அடுத்த முறை பலி கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. யானை மேசையைச் சுற்றி அவர் பக்கம் போய் நிற்கும். யானைக்கு எதிராக என் கட்டில் எதுவுமே இல்லை. என் யானைக்கு நான் ஏன் எதிராக இருக்கப் போகிறேன்?

"இப்படி யாரும் ஆடமாட்டாங்க அத்தை. அம்பு கைக்கு வந்ததும் எய்யணும். அதுதான் முறை."

"லீவெல்லாம் ஜனவரியிலேயே எடுத்துட்டா டிசம்பர்ல ஜுரம் வந்தா இன்னா பண்ணுவ?" என்றார்.

நான் ஒவ்வோர் ஆட்டத்தையும் நோட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பதினொன்றுக்கும் பக்கத்தில் 'அத்தை தவறாக ஆடினார்' என்று எழுதி, அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் என் கட்டு தோற்றதே இல்லை. ஆலையில் ஒரு டேங்க் கூழின் அளவு பதினொரு முறை ஒரே மாதிரிப் பிசகி வந்து, 'டேங்க் தவறு செய்கிறது' என்று நான் எழுதியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

போட்டி நாளன்று அத்தையும் என்னோடு பஸ் ஏறினார். போட்டி முடிந்ததும் திருச்சானூர் கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டு வரலாம் என்பது ஏற்பாடு. பஸ்ஸில் கடைசியாக ஒருமுறை கார்டுகளை ஓட்டிப் பார்க்கலாம் என்று வேடர் கட்டையும் பையில் போட்டிருந்தேன். கூட்டத்தில் அது நடக்கவில்லை. சந்திரகிரிவரை நின்றுகொண்டே போனோம்.

போட்டி ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில். கடைக்காரர் கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். காலையில் கோயிலில் பாராயணத்தை முடித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணோடு வந்து கார்டு விற்பார். அவர்தான் நடுவர். மேசைகளை எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டுப் பேர் இருந்தாத்தான் சென்னைக்குப் பேர் அனுப்ப முடியும். ஏழு பேர்தான் வந்திருக்கேள். ஒருத்தர் பஸ்ஸைத் தவற விட்டுட்டாராம்."

எனக்குச் சென்னைப் புடவை கண்முன் மடிந்து பெட்டிக்குள் போவது தெரிந்தது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். யோசனை என்னுடையதுதான். அதை யார்மேலும் போட முடியாது.

"எங்க அத்தை ஆடுவாங்க. கட்டும் என் பையில இருக்கு."

"மாமிக்கு ஆடத் தெரியுமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஏமோ, இன்னா தெரியும், சும்மா வீட்ல ஆடறதுதான்," என்று முறுக்கைப் பொட்டலம் கட்டிப் பைக்குள் வைத்தார் அத்தை.

ஏழு சுற்று. எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆட வேண்டும். சாம்பல் யானை நான் கனவு கண்டபடியே நடந்தது. அதை யாரும் இன்னும் எதிர்கொண்டதில்லை. கையில் அம்பு வைத்திருந்தவர்கள் முறைப்படி எலிமேலும் கீரிமேலும் அதைச் செலவழித்தார்கள். நான் புதிதாக எலி இறக்கினேன். பிறகு யானை வந்தது. ஓர் ஆட்டத்தில் மட்டும் மூன்று யானையும் கட்டின் அடியிலேயே கிடந்து வராமல் போய்த் தோற்றேன். ஆறு சுற்று முடிந்தபோது மற்ற ஐந்தும் வெற்றி. ஸ்ரீசிட்டிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து போகும் ஒருவர் இருந்தார். அவரும் என்னிடம் மட்டும் தோற்று ஐந்தை வென்றிருந்தார். இருவரும் சமமாக முடித்தால், அவரை நேரில் வென்றவள் என்பதால் முதலிடம் எனக்கு.

இடையிடையே அத்தையின் மேசையையும் பார்த்துக்கொண்டேன். ஆறு சுற்றிலும் தோற்றிருந்தார். எல்லார் முன்னாலும் அம்புகளைப் பிடித்துக்கொண்டு, வராத யானைக்காகக் காத்திருந்தார். காத்திருக்கும்போதே உயிர் போய்விடும். ஆறாவது ஆட்டம் முடிந்தபோது கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை.

"மாமி, அம்பைக் கையிலயே வெச்சுண்டிருக்காதேங்கோ. வந்ததும் எய்யணும்."

"அப்டியா. சரே," என்று அத்தை பணிவாகத் தலையாட்டினார்.

ஏழாவது சுற்றில் அத்தைக்கு எதிரே நான்.

ஸ்ரீசிட்டிக்காரர் தன் ஆட்டத்தைச் சீக்கிரம் வென்றுவிட்டு எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் நம்பிக்கை இல்லை. "கங்கிராட்ஸ்க்கா," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானும் அடக்கமாகச் சிரித்தேன்.

எங்கள் ஆட்டத்தில் நான்கு சுற்று முடிந்தபோது என் பக்கம் நான்கு விலங்குகள். அத்தைக்கு எட்டு உயிர். இதுவரை ஓர் அம்புகூட வரவில்லை. என் கையில் யானை. யானை இல்லாமலே இன்னும் இரண்டு சுற்றில் கடித்துக் கடித்து முடித்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் ஆட்டம் முடித்து வந்த எல்லாரும் யானைக்காகத்தான் சுற்றி நின்றார்கள். தவிர, கடைக்காரர் சொன்னதற்கு அத்தை சரே என்றது என் காதில் விழுந்திருந்தது. அம்பு இருந்தால் இதற்குள் எய்திருப்பார். எய்யவில்லை என்றால் அவரிடம் இல்லை.

இருந்தாலும் குரலைத் தாழ்த்தி, "அத்தை, கொஞ்சம் பாத்து ஆடுங்க," என்றேன். அதில் என்ன கேட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"பாத்துக்கினுதாம்மா இருக்கேன்."

யானையை வைத்தேன்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்தார். கையிலிருந்து ஓர் அம்பை எடுத்து எலிக்கு எதிரே வைத்தார். அடுத்ததைக் கீரிக்கு. முயலுக்கு. நரிக்கு வைக்கும்போது கார்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதை நேராக்கிவிட்டு நிமிர்ந்தார். என் அடுத்த முறை வந்தது. பலி கொடுக்க ஒன்றும் இல்லை. கடைக்காரர் குனிந்து யானையின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். மாடியில் இருந்த எல்லாரும் அன்றுதான் அதை முதல்முறையாகப் படித்தார்கள்.

"மஸ்ட்னு போட்டிருக்கு," என்றார் கடைக்காரர் என்னிடம், வருத்தத்தோடு.

"ஆமா," என்றேன்.

அதன்பின் மூன்று சுற்று என் யானையிடம் நான் மிதிபட்டேன். முடிந்ததும் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டோம். அத்தை தன் பெயருக்குப் பின்னால் பழக்கத்தில் தேதியும் போட்டார். அவருக்கு எட்டாவது இடம், எனக்கு இரண்டாவது. ஸ்ரீசிட்டிக்காரர் சென்னைக்குத் தேர்வானார். அவர் அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடவேயில்லை.

திருச்சானூரில் வரிசை நீளமாக இருந்தது. பாதி தூரம் நகர்ந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அம்பை வந்ததும் எய்யணும்னு அவர் சொன்னதுக்கு சரேன்னீங்களே."

"அது வெளியாளுங்க கிட்ட ஆடறதுக்கு. உன்கிட்ட எப்டி ஆடணும்னு எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு தடவ ஆடியிருக்கேன்."

"விட்டுக் குடுத்திருக்கலாம் அத்தை."

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "விட்டுக் குடுத்து நீ ஜெயிச்சா, சென்னையில யாராச்சும் சின்ன எழுத்தப் படிச்சவன் வருவான். அவன் கிட்ட போய் இன்னா சொல்லுவ?" பிறகு கொஞ்சம் யோசித்து, "நிஜத்தச் சொல்லணும்னா அதெல்லாம் அப்ப நெனக்கல. ஆறு ஆட்டம் தோத்துட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணாச்சும் ஜெயிக்கணும்னு இருந்துது," என்றார்.

அதற்குமேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. தாயாரிடம் நான் கேட்டது என்ன என்று எழுதுவதற்கில்லை. கார்டு சம்பந்தப்பட்டது இல்லை என்று மட்டும் சொல்லலாம். அது பொய்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கணவர் அத்தையின் போனுக்கு அழைத்தார். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"யாரோ ஸ்ரீசிட்டியில வேல செய்யற புள்ள. உன் பெண்டாட்டி ரெண்டாவது. நல்லாத்தான் ஆடினா," என்றார் அத்தை. "நானா? நான் சும்மா ஆளு கொறையுதுன்னு உக்காந்தேன். ஆறு தோத்தேன்." ஏழாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரிய மனசு என்று தோன்றியது. மனம் இளகி, மீதியிருந்த முறுக்கில் பாதியை அவர் எடுத்துக் கொடுத்தபோது வாங்கித் தின்றேன்.

புதன்கிழமை ஆலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, திருப்பதியில யானையப் புடுங்கிக்கினாங்களாமே உங்க அத்தை," என்றாள்.