ஓரகத்தி வீட்டுப் புழு மருந்து

போன வருஷம் ஐப்பசி மழை விட்ட சமயம். நாங்கள் இருப்பது கரையாம்புத்தூர் பக்கம். எனக்கும் என் ஓரகத்திக்கும், அதாவது என் கொழுந்தன் மனைவிக்கும், நடுவில் ஒரு சுவர்தான். பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே சந்தையில், ஒரே நாளில் ஆளுக்கொரு பெட்டை ஆடு வாங்கியிருந்தோம். அவள் ஆடு மினுமினுவென்று இருந்தது. என் ஆட்டுக்கு மயிர் சிலிர்த்து, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கியது. ஒரே மேய்ச்சல், ஒரே தண்ணீர். எனக்கு வயிறு எரிந்தது. அவள் தன் ஆட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறு வேறு கட்டியிருந்தாள். அது யார் கண்ணுக்காக என்று எனக்குத் தெரியாதா?

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், என் ஆடு கிடாய்க்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முதல் சினை. இரட்டைக் குட்டி போட்டு அவள் வாயை அடைக்க வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் கால்நடை மருந்தகத்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து கூரை விளிம்பில், எறவாணத்தில் சொருகினாள். குடல் புழுவுக்கு ஊற்றும் வெள்ளை மருந்து. ஓகோ, இதுதான் சூட்சுமமா, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா என்று பொருமினேன். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்கு ஒரு படி கீழே போய்விடுவேன் என்ற வீம்பு.

அவள் நூறு நாள் வேலைக்குப் போன நேரம் பார்த்து பாட்டிலை எடுத்தேன். ஆட்டின் எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவள் ஒரு மூடி ஊற்றினால் நான் இரண்டு மூடி ஊற்றுவேன் என்பதுதான் என் வைத்தியம். குறைந்ததற்குத் தண்ணீரைக் கலந்து பாட்டிலைப் பழையபடி வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் ஆட்டுக்குக் கரு கலைந்துவிட்டது.

நான் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடிவந்தவள் அவள்தான். ஆட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தாய் என்று கேட்டாள். அழுகையோடு அழுகையாக உண்மை வந்துவிட்டது. ஊரைக் கூட்டப்போகிறாள் என்று தலை குனிந்து நின்றேன்.

"ஒன் ஆட்டுக்குத் தாடை வீங்கிக் கெடக்குதுன்னு டாக்டராண்ட சொல்லி, ஒனக்குன்னு வாங்கியாந்ததுக்கா அது. புதுசா சினை புடிச்ச ஆட்டுக்கு இப்ப ஊத்தினா கலைஞ்சிடும், நாள் போவட்டும்னாரு. அதான் வெச்சினு இருந்தேன்."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ எங்கூட பேசினாத்தானேக்கா."

இப்போது புழு மருந்துக்கு இருவரும் சேர்ந்துதான் ஆடுகளை ஓட்டிப்போகிறோம். இன்றும் அவள் ஆடுதான் கொழுகொழுவென்று இருக்கிறது. எனக்குப் பொறாமை போய்விட்டது என்றால் அது பொய். ஆனால், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அவள் என் ஆட்டின் தாடை வீக்கத்தைக் கவனித்திருக்கிறாள். நானும் அவள் ஆட்டைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எப்படிப் பார்த்தேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.