ஒன்பதாவது பிளாப்பி

போன வாரம் என் சின்னக் கம்ப்யூட்டரை ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடைக்குத் தூக்கிப் போனேன். ஆறு ஸ்குரூ கழற்றினார்கள். ஐந்தைத்தான் திரும்பப் போட்டார்கள்; கேட்ட பிறகு ஆறாவது கிடைத்தது. நகவெட்டி நீளத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் உள்ளே போனது. புது பிராசஸர் தலையில் கடைக்காரர் ஏதோ வெள்ளைக் களிம்பை ஒரு பொட்டு வைத்தார். 

பொட்டு என்றால் எனக்கு ஆயுத பூஜைதான். தொண்ணூறுகளில், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எங்கள் அறையில் ஒரே கம்ப்யூட்டர். பூஜை முடிந்த மறுநாள் அதற்கு வேகமான பிராசஸரும், நாற்பது எம்.பி. டிஸ்க்குக்குப் பதில் பத்து மடங்கு பெரியதும் போடுவதாக ஏற்பாடு. இருந்ததையெல்லாம் பதினான்கு பிளாப்பிகளில் ஏற்றி, பூஜையில் வைத்து, எண்ணி எண்ணிப் பதினான்குக்கும் நானே பொட்டு வைத்தேன்.

பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் பழைய டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டு, புதியதில் பிளாப்பிகளை ஏற்றினார். எட்டு வரை சரி. ஒன்பதாவது கரகரத்து நின்றது. அதில் மட்டும் என் பொட்டு தகட்டு மூடிமேல் விழுந்து, சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது.

“ஏனு சார் இது? பிளாப்பிக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?” என்று கன்னடம் கலந்து கேட்டார் அவர்.

அதில்தான் தற்காலிகத் தொழிலாளர்களின் வருகை இருந்தது. இரண்டு ஆண்டில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவர் நிரந்தரம். அந்தக் கணக்கை எட்டியிருக்கக்கூடியவர் ஒருவர்தான்: பாகலூர் முனிரத்தினம். மறுநாள் நிரந்தரமாகிறவர்கள் பட்டியல் மேனேஜரிடம் போக வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் வருகைப் பதிவேட்டை நிறுத்தியவனும் நான்தான்.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். 

“பொட்டு வெச்சீங்க. அப்படியே ஒரு முழம் பூவும் சுத்தியிருக்கலாம்ல சார்?”

திட்டியிருந்தால் தேவலை.

இன்ஜினியர் உறையைப் பிளந்து உள்ளிருந்த கறுப்புத் தகட்டை எடுத்தார். முனிரத்தினத்துக்குத் தொழிற்சாலையில் வேலையே அளவு சரிபார்க்கும் எஃகுக் கட்டைகளை ஸ்பிரிட்டில் துடைப்பதுதான். தூசி பட்டாலும் அளவு தப்பும்.

“குடுங்க சார், இது என் வேலை” என்று இன்ஜினியரிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய துணியால், விரல் ரேகை படாமல், ஓரத்தைப் பிடித்துத் துடைத்தார். பதினொரு நிமிடம். காய்ந்ததும் வேறொரு பிளாப்பியின் உறைக்குள் வைத்தார்கள். இரண்டு தடவை கரகரத்தது. மூன்றாவது தடவை திரையில் பெயர்கள் வந்தன. முனிரத்தினம் பெயருக்கு நேரே உள்ளதை விரல் வைத்துக் கூட்டினேன்.

“நானூத்தி எண்பத்திமூணு” என்றேன்.

“எங்கிட்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்” என்றார் அவர். “நா எண்ணாமயா இருப்பேன்?”

நிரந்தரமானார். இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

கடையிலிருந்து திரும்பும் வழியில் அந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றேன். இப்போது கேமராவில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகிறது. ஒரு நாளும் அழிவதில்லையாம். ஆனால் ஆட்கள் எல்லாம் காண்டிராக்ட். நானூற்று எண்பது நாள் நிறையும் முன்பே வேறொரு காண்டிராக்டர் பெயருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்த ஏழு பேரிடம் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுப் பார்த்தேன்.

ஒருவரும் எண்ணவில்லை.