வாழைக்குப் பின்னால் புதைத்த கார்

செலண்டாரில் எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக முள்கம்பி வேலி போகப்போகிறது என்று சர்க்கார் ஆள் வந்து சொன்ன அன்று, என் மாமனார் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமலிருக்க வெள்ளைக்காரன் ஊர்களைச் சுற்றி வேலி போட்ட அவசரகாலம் அது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தெங்கேராவில் கடைகளுக்கு நடுவே வளர்ந்து, கன்னியாஸ்திரீகளிடம் இங்கிலீஷ் படித்தவள் நான். ரப்பர்க் காட்டோரம் குடியிருப்பதே பயமாக இருந்தது. அவர் எழுந்துபோன விதம் அந்தப் பயத்தை இன்னும் கூட்டியது.

கொல்லையில் வாழைக்குப் பின்னால் மாமாவின் வாடகைக் கார் புதைந்து கிடப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரன் வந்தபோது கண்ணில் பட்ட காரையெல்லாம் பிடுங்கினான். மாமா ஆள் வைத்துக் குழி தோண்டி, காரைச் சரிவில் இறக்கி மூடிவிட்டார். உள்ளே கிராமபோன் பெட்டி, அத்தையின் கூறைப்புடவை, கல்யாணப் போட்டோ எல்லாம் இருந்தன. சண்டை முடிகிற அன்று எடுத்துப் பாட்டுப் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். சண்டை முடிந்தும் அவர் ஏன் தோண்டவில்லை என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

"கார்தானேப்பா. போலீஸ்ல சொல்லிட்டா போச்சுலா," என்றார் என் கணவர்.

"கார் மட்டும் இல்லப்பா," என்றார் மாமா. "தோட்டத்துத் துரை ஓடுறப்ப அவரு வேட்டைத் துப்பாக்கிய என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. பின்சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன். அவரு வந்து வாங்கிக்கட்டும்னு காத்திருந்தேன், திரும்பி வரவே இல்ல. அப்புறம் இந்தச் சட்டம் வந்துருச்சு."

அந்தச் சட்டம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. வேலிக்குக் குழி வெட்டுமுன் பட்டாளத்தார் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வருவார்கள் என்றும் பேச்சு.

நாமே தோண்டிவிடலாம் என்றார் கணவர். இருட்டினால் ஊரடங்கு. பகலில் மண்வெட்டியைத் தூக்கினால், காட்டுக்கு அரிசி புதைக்கிறோம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். "நாமளே போய்ச் சொல்லிடுவோம், துப்பாக்கியையும் சேர்த்து," என்றேன். கணவர் என்னை முறைத்தார். அத்தை சோற்றுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நீ இங்கிலீஷ் பேசுவல்ல தாயி. என்கூட வா."

ஸ்டேஷனில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி, மண்ணுக்குள் கார் என்று நான் சொன்னதும் சிரித்தார். துப்பாக்கி என்றதும் சிரிப்பு நின்றது. மாமாவின் கையில் விலங்கு மாட்டினார்கள். யோசனை சொன்ன நான்தான் தவறு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

மாத்தா போலீஸ்காரர்கள் லாரியில் வந்து வாழையை வெட்டிச் சாய்த்துத் தோண்டினார்கள். காரின் துணிக்கூரை மக்கி, உள்ளே முழுக்கச் சேறு. கூறைப்புடவை கறுத்த களியாக வந்தது. பின்சீட்டைப் பெயர்த்தார்கள். அடியில் ஒன்றுமே இல்லை.

"அங்கதான் வெச்சேன், சத்தியமா," என்றார் மாமா. முகம் வெளுத்துவிட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். துப்பாக்கி காட்டில் இருப்பவர்களிடம் போய்விட்டதா என்று மாமனாரைக் கேட்கச் சொன்னார். நான் மாமாவின் பக்கம் திரும்பினேன். அதிகாரி மறுபடியும் கேட்டார், உரக்க.

"அது கெணத்துல கெடக்கு," என்றது ஒரு குரல். அடுக்களை வாசலில் அத்தை. "குழிய மூடறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்து வாழைக்குத் தண்ணி எறைக்கிற கெணத்துல போட்டேன்."

மாமா அவரையே பார்த்தார். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கார மட்டும் பாத்தா ஜப்பான்காரன் கார எடுத்துக்குவான். துப்பாக்கியையும் பாத்தா உங்க தலைய எடுத்திருப்பான். சொன்னா நீங்க எறங்கி எடுத்திருப்பீங்க. இப்பவும் காருல ஒண்ணும் இல்லன்னா விட்டுருவாங்கன்னு இருந்துட்டேன்."

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகினாலும் உயிர் போகும் என்று நினைத்து நினைத்துப் பேசினேன். கிணற்றில் கொக்கி போட்டுத் துழாவினார்கள். வாளி வந்தது, சைக்கிள் சக்கரம் வந்தது. பொழுது சாயும் நேரத்தில், கட்டை இற்று, குழல் துருவேறி ஒட்டிப்போன அந்தத் துப்பாக்கி வந்தது. அதிகாரி குழலுக்குள் பார்த்தார். அதையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் நாங்கள் மூவரும் வாசலுக்கு ஓடினோம். காரின் தகடுகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிப்போனான். அந்தக் குழியின் மேலேயே வேலி எழும்பியது. மாமா வரவில்லை.

ஒரு மத்தியானம் நரைத்த தாடியோடு நடந்தே வந்தார். பல வருடம் தண்ணீரில் கிடந்து சுட உதவாத துப்பாக்கி என்று எழுதி விட்டுவிட்டார்களாம். தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் அத்தையைப் பார்த்து, "துப்பாக்கி ஊறுன கெணத்துத் தண்ணியையா இத்தன வருசம் வாழைக்கு ஊத்துன?" என்று கத்தத் தொடங்கினார். அத்தையும் விடவில்லை. சாயங்காலம் வரை சண்டை. நானும் கணவரும் வாசலில் உட்கார்ந்து, அது நிற்காமல் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.