பெரிய கேமராவும் தெருப் பம்பும்

போன சனிக்கிழமை என் கேமராவைக் கொடுத்துவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்று வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். தெருமுனை வரைதான் போக முடிந்தது...

எல்லோரும் சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவார்கள். நான் தலைகீழ். கல்யாண வீடுகளில் படமெடுக்கும் என் சித்தி மகன், புது மாடல் வாங்கியதும் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆரை என் தலையில் கட்டிவிட்டான். அதிலிருக்கும் பட்டன்களில் எனக்குத் தெரிந்தவை நாலு. லென்ஸோடு கழுத்தில் மாட்டினால் சாயங்காலம் தைலம் தேய்க்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் பாரிமுனைக் கடையில் விசாரித்தபோது ஒரு சின்ன எஸ்.எல்.ஆரைக் கையில் கொடுத்தார்கள். அப்படி ஒரு லேசு! உங்களுக்கு இதுவே அதிகம் என்றார் கடைக்காரர். கோபம் வரவில்லை. உண்மைதானே?

கழுத்து வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ராயபுரம் பக்கம் பெரிய கேமரா வைத்திருந்தால் பிரஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள். விடியற்காலையில் படகுகளை எடுக்க மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவேன். திரும்பி வரும்போது கேமராவில் என்ன இருக்கும்? உடைந்த சாக்கடை மூடி, எரியாத தெருவிளக்கு, பள்ளம். பேப்பரில் போடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். நானோ பேங்க் கிளார்க். இந்தப் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் உங்களோடு அரட்டை அடிப்பதோடு சரி. இங்கே சாக்கடை மூடியைப் போட ஆசிரியர் விடுவாரா?

சின்ன கேமரா என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிம்மதியாகப் படகு எடுக்கலாம். அதனால்தான் சனிக்கிழமை காலை, பெரியதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

தெருமுனையில் கூட்டம். எங்கள் தெருவுக்கு இருப்பது ஒரே ஒரு அடிபம்பு. எட்டு நாளாக அடித்தால் காற்றுதான் வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கல்மண்டபம் ரோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருவழியாக அன்று இன்ஜினியர் வந்திருந்தார். ஏதோ பார்ட்ஸ் வர வேண்டுமாம், இன்னும் பத்து நாள் ஆகுமாம்.

எதிர்வீட்டு ரோஸ்மேரி மீன் விற்பவள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"சார், பேப்பர்காரங்க வந்துகீறாங்க. அந்தப் பத்து நாள் கதைய இவங்களாண்ட சொல்லு."

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். வரிசையாக நின்ற காலிக் குடங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கேமராவைத் தூக்கி டப்... டப்... டப் என்று அடித்தேன். இன்ஜினியர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எந்தப் பேப்பர் என்று கேட்டார். வாரப் பத்திரிகை, அனுபவப் பத்தி எழுதுகிறேன் என்று உள்ளதைத்தான் சொன்னேன். அவர் காதில் பத்திரிகை மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும்.

மதியமே ஆட்கள் வந்தார்கள். நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. என்ன கும்மாளம்! குடம் நிரம்பியது போக ஒருத்தி மேல் ஒருத்தி வாரி இறைத்துச் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது — அவ்வளவு சந்தோஷம், மறைப்பானேன்? முதல் குடத்தை என் வாசலில் கொண்டுவந்து இறக்கினாள் ரோஸ்மேரி.

"யக்கா, போட்டோல அந்த இன்ஜினியரு மூஞ்சி எப்டி கீது, காட்டு."

எதைக் காட்டுவது? கேமராவைத்தான் கொடுக்கப் போகிறோமே என்று மெமரி கார்டை முந்தின நாளே உருவி பீரோவில் வைத்துவிட்டேன். கார்டு இல்லாவிட்டாலும் என் கேமரா சத்தத்தில் மட்டும் குறை வைக்காது.

விஷயத்தைச் சொன்னேன். ரோஸ்மேரி வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப இத்த வித்துடாத யக்கா. அட்த்து தெருவிளக்கு கீது."

சின்னதை வாங்கத்தான் போகிறேன், ஆனால் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. சின்னது படகுகளுக்கு. பெரியது எங்கள் தெருவுக்கு.

அந்த வேலைக்கு, எனக்குத் தெரிந்த நாலு பட்டனே அதிகம்!