லேப் அக்காவும் மணிப் பெட்டியும்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு லேப் அக்கா என்றுதான் பேர். பதினெட்டு வருடமாக வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் துடைத்து அடுக்கும் உதவியாளர். ஆனால் கழுவுவதோடு நிற்கிற ஆள் இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் மக்கர் பண்ணினாலும், புரொஜெக்டர் கண்ணை மூடிக்கொண்டாலும் ஸ்குரூடிரைவரோடு வந்து நிற்பார். எதையும் திறந்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் என்னையும் திறந்து பார்த்திருப்பாள், ஸ்குரூ எங்கே என்று தெரியாததால் தப்பித்தேன் என்று அவர் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார்.

பள்ளியில் மணி அடிப்பது இரண்டு பெட்டிகள். பெரிய கட்டடத்தில் ஒன்று, சின்ன வகுப்புகளின் கட்டடத்தில் ஒன்று. வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், உள்ளே வேறு வேறு மாடல். இரண்டுமே வாரத்துக்கு நாலு நிமிடம் பின்தங்கின. அதைச் சரிசெய்ய, பெட்டியை ஓட்டும் மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று கம்பெனி ஒரு ஃபைலை அனுப்பியிருந்தது. வெளியாளைக் கூப்பிட வேண்டாம், நானே ஏற்றுகிறேன் என்று லேப் அக்கா முன்வந்தார். காரணம் இருந்தது. தொழில்நுட்ப உதவியாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது; அதற்குப் பள்ளியிலிருந்து சிபாரிசு லிஸ்ட் மேலிடத்துக்குப் போக வேண்டும். தலைமை ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெட்டி சரியாயிடுச்சுன்னா உங்க பேரை எழுதறேன்மா. லிஸ்ட் இன்னிக்கு நாலு மணிக்குப் போயிடும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

காலை பத்து மணிக்கு லேப் அக்கா முதலில் பெரிய கட்டடத்துப் பெட்டியைக் கழற்றி ஆய்வக மேசையில் வைத்தார். கம்பெனி அனுப்பியதில் இரண்டாம் எண், மூன்றாம் எண் என்று இரண்டு ஃபைல்கள் இருந்தன. பெட்டியின் அடிமூடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரிய ஃபைலை ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரில் இரண்டு என்று இருந்தது. இரண்டாம் எண் ஃபைலை ஏற்றினார். கம்ப்யூட்டர் நூறு சதவீதம் என்று காட்டியது. பெட்டி அணைந்து எழுந்தது. எழுந்தது என்று சொல்ல முடியாது, எழப் பார்த்தது. சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கிவிட்டு அணைந்தது. மறுபடி மூன்று முறை. மறுபடி இருட்டு.

கேபிளை மாற்றினார். அடாப்டரை மாற்றினார். ஃபைலை மறுபடி இறக்கி மறுபடி ஏற்றினார். பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி சமர்த்தாக விழித்துக்கொண்டு ஃபைலைக் கேட்டது. கொடுத்தால் வாங்கிக்கொண்டது. வாங்கிய கையோடு சுருண்டு படுத்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குப் புரியவில்லை.

அதற்குள் பள்ளிக்கூடமே திக்குத் தெரியாமல் தடுமாறியது. வரலாற்று ஆசிரியை மணி அடிக்கும் அடிக்கும் என்று ஒரே போரை ஒன்றரை பீரியட் நடத்தினார். சின்னக் கட்டடத்து மணி ஜன்னல் வழியாக லேசாகக் கேட்டதும் மாடி வகுப்புகள் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து ஓடின. கீழ் வகுப்புகளுக்கு அது கேட்கவில்லை; பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பீரியடுக்கு என்று அவர்களாகவே மாடி ஏறினார்கள். மாடிப் படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு, நீ ஏன் இங்கே வருகிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

இயற்பியல் ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, கரண்ட் கூடக்குறைய வந்திருக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஃபைல்தான் கோளாறு என்றார். லேப் அக்காவுக்கு இருந்த குழப்பத்தில் இரண்டுமே சரி என்று பட்டது. கம்பெனிக்கு போன் போட்டார். ஸ்டிக்கரில் என்ன எண் என்று கேட்டார் கம்பெனிக்காரர். இரண்டு என்றார் அக்கா.

"அப்போ ஃபைல் சரிதாங்க. பெட்டி போயிருக்கும். புதுசுதான் வாங்கணும்."

"போயிருந்தா, பட்டனைப் பிடிச்சதும் எப்படிங்க முழிச்சிக்கிட்டு ஃபைல் கேக்குது?"

 கம்பெனிக்காரர் திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

மணி இரண்டே கால். லேப் அக்கா பெட்டியைக் கவிழ்த்து வைத்து அந்த இரண்டையே முறைத்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு இருந்தது. கை சும்மா இருக்குமா? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். லேசாகக் கரைந்து பஞ்சில் மஞ்சள் ஏறியது. சுவர்ப் பெயின்ட். ஆனால் பெரிய கட்டடத்தில் மஞ்சளே கிடையாது. அடி முதல் நுனி வரை வெள்ளை. போன வருடம் மஞ்சள் அடித்தது சின்னக் கட்டடத்துக்குத்தான்.

அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெயின்ட் வேலைக்குப் பிறகு வந்த விடுமுறையில் தூசி தட்ட இரண்டு பெட்டிகளையும் இதே மேசையில்தான் திறந்தார். அடிமூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பீக்கர்களோடு துணியில் கவிழ்த்துக் காயவைத்தார். காய்ந்ததும் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார். எந்த பீக்கர் எந்தத் தட்டில் இருந்தது என்று இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

சின்னக் கட்டடத்துக்கு ஓடினார். ஸ்டூல் போட்டு ஏறி, அங்கிருந்த பெட்டியைக் கழற்றி அடியைப் பார்த்தார். மூன்று.

அதை இருந்தபடியே மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, மேசையில் இருந்த பெட்டியின் பட்டனைப் பிடித்து, மூன்றாம் எண் ஃபைலை ஏற்றினார். சிவப்பு ஒரு முறை மினுக்கியது. பச்சை வந்தது. நின்றது. அவர் நம்பாமல் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டார். மறுபடியும் பச்சை. பெட்டியைச் சுவரில் மாட்டி நேரத்தைச் சரிசெய்தார். மூன்று இருபதுக்கு, ஏழாவது பீரியட் முடிய வேண்டிய நேரத்தில் மணி அடித்தது. அடித்தாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. இது எந்த மணி என்று எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

இயற்பியல் ஆசிரியர் வராந்தாவிலேயே அவரை மடக்கி, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஃபைல்தான் கோளாறுன்னு மேடம்கிட்ட மத்தியானமே சொல்லிட்டேன்கா. கேட்டா நீங்களும் அதையே சொல்லிடுங்க. மூடிக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?"

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். லேப் அக்கா தலைமை ஆசிரியை அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போனார்.

"மணி கேட்டுச்சு" என்றார் தலைமை ஆசிரியை. "கம்பெனி புது ஃபைல் அனுப்புனாங்களா?"

"இல்ல மேடம். பழசுதான். கழுவுனப்ப ரெண்டு பெட்டிக்கும் அடிமூடிய நான் மாத்தி மாட்டிட்டேன். அதான் தப்பான ஃபைல் ஏறிடுச்சு."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா சின்னக் கட்டடத்துப் பெட்டியில இன்னும் என் தப்பு அப்படியே ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு? நாளைக்கு யாராவது அதை நம்பி ஃபைல் ஏத்துனா அதுவும் படுத்துக்கும்."

"கெடுத்ததும் நீங்க, சரி பண்ணதும் நீங்க. இப்ப நான் லிஸ்ட்ல என்னன்னு எழுதறது?"

"அது எனக்கும் புரியல மேடம்."

தலைமை ஆசிரியை லிஸ்டைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசி வரியில் லேப் அக்காவின் பேரை எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் ஏதோ எழுதி, அதை அடித்துவிட்டு, வேறு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்க அக்கா பார்த்தார், முடியவில்லை. குமாஸ்தா வந்து கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

லேப் அக்கா ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு, மூடிகளை மாற்றி மாட்டக் கிளம்பினார்.